கடல் பக்கம் திரும்பாத வகுப்பு

எனக்கு வயது எழுபத்து நாலு. பெற்று வளர்த்தது ஆறு பிள்ளைகள். அதோடு, மௌத்தாகிப் போன என் தங்கையின் மகனும் என் சட்டிச் சோற்றில்தான் வளர்ந்தான். ஏழு பேருக்கும் நடக்க, தின்ன, தொழ, பெரியவர்களைக் கண்டால் எழும்ப நான்தான் பழக்கினேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு மட்டும். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், எழுதுவதும் அப்படித்தான். ஆறுதலாக எழுதுகிறேன். எனக்கு அவசரமில்லை. என்னை மேற்பார்வை செய்ய எந்த அரசாங்கக் கந்தோரிலிருந்தும் ஆள் வரப்போவதுமில்லை.

எழுதக் காரணம் உண்டு. என் கடைசி மகளின் வேலைக்கு நானே உலை வைக்கப் பார்த்தேன் என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது. கல்முனைச் சந்தைக்கு மீன் வாங்கப் போனால், மீனை நிறுக்கிறவர் முதலில் அதைத்தான் கேட்கிறார். கதையைச் சொல்பவர்களில் ஒருவர்கூட அன்றைக்கு அந்தப் பாடசாலை மைதானத்தில் இருக்கவில்லை. நான் இருந்தேன்.

மகள் பட்டம் எடுத்தவள். எடுத்த பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வேலை கேட்டு வெயிலில் பதாகை பிடித்து நின்றவள். கடைசியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பாடசாலையில் நாலாம் வகுப்பு கிடைத்தது. பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். விஞ்ஞானம் என்று சொன்னால் சின்னப் பிள்ளைகள் பயந்துவிடும் என்றோ என்னவோ, அதற்குச் சுற்றாடல் பாடம் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

அவளுக்கு ஒரு கைக்குழந்தை. மருமகன் கட்டாரில். குழந்தை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றையும் வாயில் வைக்காது, போத்தலைக் கண்டால் தட்டிவிடும். ஆகவே இடைவேளை மணி அடிக்கும் நேரத்துக்கு நான் குழந்தையைப் பாடசாலைக்குத் தூக்கிக்கொண்டு போவேன். அவள் ஆசிரியர் அறையில் ஒதுங்கிப் பால் கொடுப்பாள். பிறகு நான் திரும்பத் தூக்கிக்கொண்டு வருவேன். கேற்றில் நிற்கும் காவலாளிக்கு அதிபரைவிட என்னை நன்றாகத் தெரியும்.

இப்படி இருக்க, அதிபர் ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: எங்கள் பாடசாலையில் ஆசிரியர் அளவுக்கு மேல் கூடிவிட்டார்களாம். வயலும் காடும் தாண்டி ஒரு பாடசாலையில் ஆளே இல்லையாம். இங்கிருந்து ஒருவரை அங்கே அனுப்ப வேண்டுமாம். யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய, அதிகாரிகள் புதன்கிழமை வந்து பாடங்களைப் பார்ப்பார்களாம். பாடம் பிழையாகிப் போனவர் பஸ் ஏற வேண்டியதுதான். அந்த ஊருக்கு விடிய ஒரு பஸ் போகும், பொழுது சாய ஒரு பஸ் வரும். இடைவேளைக்கு நான் குழந்தையை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது? கெட்டித்தனம் இல்லாதவரைப் பிடித்து, வேறு ஆளே இல்லாத பிள்ளைகளிடம் அனுப்புவது என்ன நியாயம் என்றும் நான் கேட்டேன். அது கந்தோர் நியாயம் என்றாள் மகள்.

அவளுக்கு வந்து வாய்த்த பாடம் திசைகளும் நிழலும். புத்தகத்தைக் காட்டினாள். ஒரு பையன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு முன்னால் இரண்டு மலை, நடுவால் சூரியன் எட்டிப் பார்க்கிறது. எங்கள் கரையில் மலை பார்க்க வேண்டுமென்றால் பாதிநாள் பஸ்ஸில் போக வேண்டும். இங்கே சூரியன் கடலிலிருந்துதான் எழும்பும். பிறந்த நாள் முதல் அதைப் பார்க்கிற எங்கள் பிள்ளைகளும், சூரியனை வரையச் சொன்னால் இரண்டு மலையைப் போட்டு நடுவில்தான் வைக்கிறார்கள். அவ்வளவு நன்றாகப் படிப்பிக்கிறார்கள்.

புத்தகம் சொல்வது இதுதான். உதிக்கும் சூரியனைப் பார்த்து நின்றால் முன்னால் கிழக்கு, பின்னால் மேற்கு, இடது கை வடக்கு, வலது கை தெற்கு. இதைப் படிப்பிக்க மகள் ஒரு கிழமையாக ரெஜிஃபோம் அட்டை வெட்டினாள், நிறம் தீட்டினாள், சார்ட் ஒட்டினாள். இரவுச் சோற்றுக்குப் பிறகு என்னைப் பிளாஸ்டிக் கதிரையில் பிள்ளையாக உட்கார வைத்துவிட்டு, சுவரில் டோர்ச் அடித்து, இதுதான் சூரியன் என்றாள். வெளியே போனால் தலையைப் பிளக்கிற வெயில் அடிக்கும் ஊரில், சூரியனை டோர்ச்சுக்குள் அடைத்துக் காட்டுகிறார்களே என்று நினைத்தேன். சொல்லவில்லை. பிள்ளை கையைத் தூக்காமல் கதைக்கக் கூடாது என்று முதலே சட்டம் போட்டிருந்தாள்.

கையைத் தூக்கினேன்.

"என்ன உம்மா?"

"டீச்சர், தண்ணிக்குப் போகணும்."

"உம்மா, விளையாடாதீங்க. இந்தப் பாடம் பிழைச்சா நான் பிள்ளைய விட்டுட்டு எங்கயோ கிடக்கணும்."

அதற்குப் பிறகு நான் நல்ல பிள்ளையாக இருந்தேன். இடது கை வடக்கு, வலது கை தெற்கு என்று அவள் சொல்லச் சொல்லச் சொன்னேன். என் மூத்த மகளின் மகளும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அவளும் அதே நாலாம் வகுப்பு. என் மகள் அவளுக்கு வீட்டில் சாச்சி, பாடசாலையில் டீச்சர். அவள் என்னைவிடச் சத்தமாகச் சொன்னாள். வகுப்பு முழுவதும் அதைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்துவிட்டதாம். மகள் நிம்மதியாகத் தூங்கினாள்.

புதன்கிழமை காலையில் பாடம். வெயில் கடல் பக்கமிருந்து சாய்ந்து விழும், பிள்ளைகளின் நிழல் நாங்கள் தொழும்போது பார்க்கிற கிப்லாப் பக்கம் நீளமாகப் போகும், சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டலாம் என்று எல்லாம் கணக்குப் பார்த்து வைத்திருந்தாள். கணக்கில் அதிகாரிகளைச் சேர்க்க மறந்துவிட்டாள். அவர்கள் வழியில் வேறொரு பாடசாலையில் தேநீர் குடித்து, அடுத்ததில் றோல்ஸ் சாப்பிட்டு, எங்கள் பாடசாலையில் வட்டிலப்பமும் முடித்துக்கொண்டு மைதானத்துக்கு வரும்போது உச்சி வெயில். நான் அப்போது குழந்தையோடு மைதான ஓரத்து வேம்பின் கீழ் உட்கார்ந்திருந்தேன். இடைவேளை முடிந்து நெடுநேரமாகியும், அதிகாரிகளை வரவேற்க மகளைக் கேற்றடியில் நிறுத்தி வைத்திருந்ததால் குழந்தைக்குப் பால் கிடைக்கவில்லை. சூரியன் நேரே தலைக்கு மேல். பிள்ளைகளின் நிழல் செருப்புக்குக் கீழே ஒளித்துக்கொண்டது.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மெலிந்தவர், எழுதிக்கொண்டே இருந்தார். மற்றவர் மூத்தவர், கேள்வி கேட்பவர்.

"எல்லாரும் வரிசையா நில்லுங்க," என்றாள் மகள்.

அங்கேதான் விசயம் பிழைத்தது. அந்த மைதானத்தில்தான் இரண்டு பெருநாளும் எங்கள் ஊர் தொழுகை. அந்த மணலில் வரிசை என்றால் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வரிசைதான் தெரியும். தோளோடு தோள் ஒட்டி, பெருவிரலைச் சமன் பார்த்து, ஆண்பிள்ளைகள் முன்னுக்கும் பெண்பிள்ளைகள் பின்னுக்குமாகக் கிப்லாவைப் பார்த்து நின்றார்கள். ஒரு பையன் கையைக்கூடக் கட்டிவிட்டான். எங்களுக்குக் கிப்லா மேற்கில். கடல் அவர்களின் முதுகுக்குப் பின்னால்.

மகள் அதைக் கவனிக்கவில்லை. அதிகாரிகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சூரியன் உதிக்கிற பக்கத்தைப் பாருங்கள் என்று புத்தகத்தில் உள்ளபடி சொன்னாள். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள், கண் கூசியது, குனிந்துகொண்டார்கள். கையை விரியுங்கள் என்றாள். விரித்தார்கள். இடது கை வடக்கு, வலது கை தெற்கு என்று ஒரே குரலில் பாடினார்கள். பாட்டில் ஒரு பிழையும் இல்லை.

மூத்தவர் வடக்கு எங்கே என்று கேட்டார். எல்லா இடது கையும் ஆடியது. அது திருக்கோவில் பக்கம், உண்மையில் தெற்கு. பிறகு மட்டக்களப்பு எங்கே என்று கேட்டார். எல்லா வலது கையும் ஆடியது. அது சரிதான், அந்தப் பக்கம்தான் மட்டக்களப்பு, எங்களுக்கு வடக்கே. பஸ் போகிற திசை அவர்களுக்குத் தெரியாதா?

"அப்படியென்றால் மட்டக்களப்பு நமக்குத் தெற்கிலா?" என்றார்.

"ஓம் சேர்," என்றது வகுப்பு.

மெலிந்தவர் எழுதினார். நிமிராமல் நெடுநேரம் எழுதினார். மகளின் முகம் வெளுத்தது. அப்போதுதான் பிள்ளைகள் நிற்கிற விதத்தைக் கண்டாள். கண்டதும் சரியான காரியத்தைத்தான் செய்தாள்.

"எல்லாரும் கடல் பக்கம் திரும்புங்க."

பாதி வகுப்பு திரும்பியது. என் பேத்தி திரும்பவில்லை. கையைத் தூக்கினாள். சட்டம் தெரிந்த பிள்ளை அல்லவா?

"டீச்சர், கிப்லாவுக்கு முதுகு காட்டக் கூடாதெண்டு உம்மம்மா சொன்ன."

திரும்பிய பாதியும் மறுபடி கிப்லாவைப் பார்த்துத் திரும்பியது. மூத்தவர் உம்மம்மா யார் என்று கேட்டார். என் பேத்தி வேம்படியை நோக்கி விரலை நீட்டினாள். அன்றைக்கு அவள் பிழையில்லாமல் காட்டிய முதல் திசை அதுதான்.

இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டும். நான் சொன்னது முதுகு அல்ல, கால். பாயில் கிடந்து கிப்லாப் பக்கம் காலை நீட்டாதே என்றுதான் சொன்னேன். அதுவும் அவள் உருண்டு உருண்டு என் வயிற்றில் உதைக்கிற பிள்ளை என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். முதுகு காட்டக் கூடாது என்றால், விடியக் கரைவலை இழுக்கப் போகிற எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் பின்பக்கமாக நடந்துதான் போக வேண்டும். நான் எழும்பி இதைச் சொல்ல வாயெடுத்தேன். குழந்தை வீரிட்டு அழத் தொடங்கியது. பசி. மகள் குழந்தையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஆறு பிள்ளைகளைப் பெற்றவள் நான், அப்படி ஒரு பார்வையை அதுவரை யாரும் என்னைப் பார்த்ததில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் சார்ட்டை எடுக்கவில்லை. டோர்ச்சையும் எடுக்கவில்லை. பேத்தியின் முன்னால் போய்க் குந்தினாள்.

"புள்ள, பெருநாளைக்கு இஞ்சதானே தொழுதம்?"

"ஓம்."

"தொழுது முடிய கதீப் எழும்பி நிண்டு குத்பாப் பிரசங்கம் ஓதினாரா? ஆரப் பாத்து ஓதினாரு?"

"எங்களப் பாத்து."

"அப்ப அவர்ர முதுகு எந்தப் பக்கம் இருந்திச்சி?"

பேத்தி யோசித்தாள். வகுப்பே யோசித்தது. கையைக் கட்டியிருந்த பையன்தான் முதலில், கிப்லாப் பக்கம் என்று மெதுவாகச் சொன்னான். ஏதோ கதீபின் களவைக் கண்டுபிடித்தவன் மாதிரி அவனுக்கு வாய் பிளந்துவிட்டது.

"அப்ப இப்ப நீங்க எல்லாரும் கதீப்மார்," என்றாள் மகள். "திரும்பி நிண்டு குத்பா ஓதுங்க பாப்பம்."

இதைக் கேட்டதும் திரும்பாத பிள்ளை இல்லை. நெஞ்சை நிமிர்த்தி, முகத்தை இறுக்கி, இல்லாத தாடியைத் தடவிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார்கள். கை விரிந்தது. இடது கை இப்போது மட்டக்களப்புப் பக்கம். மூத்தவர் வடக்கைக் கேட்டார், சரியாகக் காட்டினார்கள். மட்டக்களப்பைக் கேட்டார், அதே கை. அவருக்கு விட மனமில்லை.

"முதல் வடக்கு அந்தப் பக்கம் என்றீர்கள், இப்போது இந்தப் பக்கம் என்கிறீர்கள். வடக்கு இடம் மாறிவிட்டதா?"

பாட்டில் இதற்குப் பதில் இல்லை. மகளின் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. என் பேத்தி மறுபடி கையைத் தூக்கினாள். இன்னும் நான் என்னென்ன சொல்லியிருக்கிறேனோ?

"நாங்கதான் திரும்பின சேர்," என்றாள். "மட்டக்களப்பு திரும்பல்ல."

மூத்தவர் மெலிந்தவரின் கையிலிருந்த பேனாவைத் தன் கையால் மெல்லத் தாழ்த்தினார். பிறகு மகளைப் பார்த்து, குழந்தை அழுகிறது, போய்ப் பாருங்கள் டீச்சர் என்றார். அந்த ஒரு வசனத்துக்காக, அவர் தின்ற வட்டிலப்பத்தை நான் மன்னித்துப் பொருந்திக்கொண்டேன்.

மகளுக்கு இடமாற்றம் வரவில்லை. காட்டுப் பாடசாலைக்கு மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற ஒரு வாத்தியார் போனார், அவருக்கு அந்தப் பக்கம் வயல் இருக்கிறது, சந்தோசமாகவே போனார். மகளின் பாடத்தைப் பற்றி வந்த அறிக்கையில், தயாரித்த டோர்ச்சையும் சார்ட்டையும் பயன்படுத்தவில்லை என்று ஒரு குறை எழுதியிருந்ததாம். எழுதியவர் மெலிந்தவராகத்தான் இருக்கும். அவருக்கும் ஏதாவது எழுத வேண்டாமா?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மூத்தவர் மகளைக் கூப்பிட்டு, அந்தப் பாடத்தை மற்ற ஆசிரியர்களுக்கும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். மகள் புதுச்சேலை கட்டிக்கொண்டு போய், கணனியில் படம் காட்டிப் பேசினாளாம். பேச்சுக்கு என்ன தலைப்பு என்று கேட்டேன். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவருகிற பிழையான கருத்துகள் என்றாள். வீடு என்றது என் வீடு. கருத்து என்றது நான். அங்கிருந்த டீச்சர்மார் ஒவ்வொருவரும் கதையைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மீன் நிறுக்கிறவருக்கு அப்படித்தான் எட்டியது.

கந்தோரிலிருந்து ஆள் வந்து பார்க்கிற பாடம்கூட நான் சொன்ன ஒரு சொல்லுக்கு முன்னால் நிற்கவில்லை என்றால், நானும் கொஞ்சம் நன்றாகத்தான் படிப்பித்திருக்கிறேன். படித்துக்கொண்ட பிள்ளை காலை முதுகாக்கியது என் குற்றமல்ல. இப்போதும் இடைவேளை மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் கேற்றடிக்குப் போகிறேன். காவலாளி சிரிக்கிறான். சிரிக்கட்டும், கேற்றைத் திறக்கிறானே, அது போதும்.

இந்தா புள்ள, வந்து உட்கார். உன் சாச்சியையும் கூப்பிடு, அவளும் கேட்கட்டும். என் எழுத்து கோணல்தான், உனக்கு விளங்கும். கடல் பக்கம் பார்த்து வாசித்தாலும் சரி, கிப்லாப் பக்கம் பார்த்து வாசித்தாலும் சரி. முதலிலிருந்து வாசி. கால் என்று நான் எழுதியிருக்கிற இடம் வரும், அந்த இடத்தை மட்டும் சாச்சிக்குக் கேட்கிற மாதிரி இரண்டு தரம் வாசி.