சர்க்கரை சேர்க்காத பன்னிரண்டு துண்டுகள்

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் பேரீச்சம்பழத்தை வெந்நீரில் ஊறப்போடுவது பெரியக்காவுக்கு வழக்கமாகி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. பெரியக்கா என்பது பெற்றோர் வைத்த பெயரன்று. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவருபவர் என்பதனால், உடன் வேலை செய்பவர்கள் சூட்டிய பெயர். மாலையில் வீடு திரும்பும்போது அவருடைய கால்கள் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் குழிவிழுந்திருக்கும். ஆயினும் அவர் உட்காரமாட்டார். உட்கார்ந்தால் மறுபடி எழுவது கடினம் என்பதை அவர் அறிவார்.

அவருடைய கணவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். முப்பது ஆண்டுகளாக உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்ட அதே வலக்கண்ணில் புரை விழுந்துவிட்டது. திருகாணிக்கும் தூசிக்கும் வேறுபாடு தெரியாமற்போகவே, கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்தார். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கினால்தான் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க முடியும் என்று கண் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்றைய அளவோ நூற்றுத் தொண்ணூறு.

கடிகாரக்காரருக்கு உணவுக்குப் பின் இனிப்பு வேண்டும். அதை வெட்டென விடச்சொல்லப் பெரியக்காவுக்கு மனம் வரவில்லை. கைப்பேசியில் ஒரு பெண்மணி, வெள்ளைச் சர்க்கரை துளியும் சேர்க்காத கேக்கைச் செய்துகாட்டி, "பயமில்லாம சாப்பிடுங்க" என்றார். அந்தச் சொல்லைப் பெரியக்கா பிடித்துக்கொண்டார். ஊறிய பேரீச்சம்பழத்தில் ஒரு கிண்ணம், கனிந்த வாழைப்பழம் நான்கு, உலர்திராட்சை ஒரு கைப்பிடி, மேலே தேன், இவற்றோடு கோதுமை மாவு. இரண்டு நாளுக்கு ஒருமுறை அடுப்பிலேற்றினார். ஆறியபின், விரிப்பை மடிக்கும் அதே கணக்கில், பிசகாமல் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டினார். சலவைக்கூடத்தில் துவைத்த மூட்டைக்கு 'சுத்தம்' என்று எழுதி அட்டை கட்டுவார்கள். அப்படி ஓர் அட்டையில் 'சர்க்கரை இல்லை' என்று எழுதி, டப்பாவின் கைப்பிடியில் கட்டிவைத்தார்.

இரண்டாம் மாத முடிவில் எடுத்த சோதனையில் அளவு இருநூற்று நாற்பது.

தாளைப் பார்த்த பெரியக்கா கொதித்துப்போனார்.

"ஏங்க, வெளியில என்ன தின்னீங்க?"

"ஒண்ணும் தின்னலையே."

"அப்ப இது காத்துலயா ஏறுச்சு? தினமும் மத்தியானம் தங்கச்சி வீட்டுக்குப் போறீங்களே, அங்க என்ன குடுத்தா?"

"சர்க்கரை இல்லாத டீம்மா. அதுவும் ஆறிப்போனது."

பெரியக்கா கேட்கவில்லை. விடுவிடுவெனப் படியிறங்கினார். நாத்தனார் கீழ்வீட்டில்தான் குடியிருந்தார்.

"உங்க அண்ணனுக்குக் கண்ணு வரணுமா, வேணாமா? நான் ஒரு பக்கம் உயிரக் குடுத்து இறக்கறேன், நீ ஒரு பக்கம் ஏத்தறியா?"

"நல்லாயிருக்கு அண்ணி நியாயம்! என் வீட்டு டப்பாவெல்லாம் தொறந்து பாத்துக்கோங்க. எறும்புகூட எங்க வீட்டுப் பக்கம் வர்றதில்ல" என்றார் நாத்தனார். கதவு சாத்தப்பட்டது.

மறுநாள் பெரியக்கா அரைநாள் விடுப்பு எடுத்தார். பிழை வீட்டுச் சமையலில் இல்லை என்பதை மெய்ப்பிக்க, கேக் டப்பாவையே கையோடு எடுத்துக்கொண்டு, கணவருடன் மருத்துவமனைக்குச் சென்றார். சர்க்கரை நோயாளிகளைக் கவனிக்கும் செவிலி அட்டையைப் படித்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"வாசனை தூக்குதே! என்னம்மா போட்டீங்க?"

பெரியக்கா ஒன்றுவிடாமல் பெருமையோடு ஒப்பித்தார். செவிலியின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் கரைந்தது.

"ஐயா ஒரு நாளைக்கு எத்தனை துண்டு சாப்பிடுவார்?"

"நாலு, அஞ்சு. சர்க்கரைதான் இல்லையே சிஸ்டர்!"

"அம்மா, பேரீச்சம்பழத்துல இருக்கறதும் தேன்ல இருக்கறதும் சர்க்கரைதாம்மா. உடம்பு அட்டையப் படிக்காது. எப்பவாவது ஒரு சின்னத் துண்டுன்னா சரி. தினமும் அஞ்சுன்னா, மாவு, வாழைப்பழம் எல்லாம் சேர்ந்து ஏத்தாம என்ன செய்யும்?"

பெரியக்கா டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். அது சரியாகப் பொருந்தவில்லை, மறுபடியும் அழுத்தினார். வெளியே வந்து வாசல் நீளிருக்கையைக் கண்டதும், யாரும் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார்.

"உங்க கண்ண நானே கெடுத்திருப்பேன்" என்றார்.

"விடும்மா. தெரிஞ்சா செஞ்ச?"

"அஞ்சு துண்டு எதுக்குத் தின்னீங்க? அவ்வளவா பிடிச்சுது?"

கடிகாரக்காரர் சற்றுநேரம் தெருவைப் பார்த்தார். தெரு அவருக்குப் பாதிதான் தெரிந்தது.

"நிஜத்தச் சொல்லட்டுமா? ஈர மரத்தூள மென்ன மாதிரி இருந்துச்சு."

"அடப்பாவி மனுஷா! அப்புறம் ஏன்?"

"வீங்குன காலோட நின்னு செய்யற. டப்பாவுல மிச்சம் இருந்தா உன் முகம் வாடிப்போவுது. முகம் இன்னும் எனக்கு நல்லாத் தெரியுது."

பெரியக்காவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தெம்பில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீடு திரும்பியதும் மேலே ஏறாமல் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தப்பு எம்மேலதான். என் கேக்குதான் ஏத்திவிட்டுருக்கு" என்றார்.

நாத்தனார் ஒருகணம் முறைத்தார். பின்பு டப்பாவைப் பார்த்தார். "அதான? அண்ணன் எங்கிட்ட வந்து டீயில தொட்டாவது முழுங்கறேன்னு இந்தக் கேக்க ஒளிச்சு எடுத்துட்டு வருவார். நானும் அட்டைய நம்பி விட்டுட்டேன். உள்ள வாங்க அண்ணி, நின்னுக்கிட்டே பேசாதீங்க."

அதன்பின் கேக் அடுப்பேறவில்லை. இரவு உணவுக்குப் பின் அரை ஆப்பிளும் நான்கு வேர்க்கடலையும் மட்டும். நாத்தனார் நாள்தோறும் மாலையில் அண்ணனை நடக்க அழைத்துச் சென்றார். பெரியக்காவோ கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை. அதுதான் அவருக்கு மிகக் கடினமாக இருந்தது. அடுப்பின் முன் நின்று பழகிய கைகள், காலியாக இருந்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்தன.

ஐந்தாம் வாரம் எடுத்த சோதனையில் நூற்று நாற்பத்தாறு வந்தது. வரும் மாதம் முதல் புதன்கிழமை அறுவை சிகிச்சை என்று குறித்துக் கொடுத்தார்கள்.

அன்று வேலை முடிந்து வந்த பெரியக்கா, பழைய அட்டையை அவிழ்த்துத் திருப்பி, பின்புறத்தில் அந்தத் தேதியை எழுதி அலமாரிப் பிடியில் கட்டினார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, கால்களை முக்காலியின் மேல் தூக்கிவைத்தார். கடிகாரக்காரர் ஆப்பிளைத் தட்டுத்தடுமாறி வெட்டிக்கொண்டு வந்தார். ஒரு பாதி பெரிது. ஒரு பாதி சிறிது.

"பெருசு உனக்கு" என்றார்.

பெரியக்கா வாய் சற்றே திறந்தபடி உறங்கியிருந்தார். கடிகாரக்காரர் தட்டை ஓசைப்படாமல் வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தின் அருகே சென்று, முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார். மணி ஐந்தரைதான் ஆகியிருந்தது. ஆறு அடித்தால் விழித்துவிடுவாரே என்று, மணியடிக்கும் சுத்தியலை விரலால் தடவித் தேடி ஒதுக்கிவைத்தார்.