இருநூறு கிராம் வகுப்பு

மூன்று ரிமோட் கார்களுக்கு நான்கு வகுப்பு பிரித்த மனிதர் இந்த உலகத்திலேயே என் அப்பா ஒருவராகத்தான் இருப்பார். நான்காவது வகுப்பில் ஓடுவதற்குக் காரே கிடையாது. அது எதற்கு என்று கேட்டால், "நாளைக்கு எவனாவது ஒன்னத் தூக்கிட்டு வந்தா எங்க போடுறது?" என்றார். எனக்கு அப்போது பத்து வயது. பத்து வயதுப் பிள்ளை தலையில் அடித்துக்கொள்ளப் பழகியது என்றால் அதற்கு முழுக் காரணமும் அவர்தான்.

மாத்தளை டவுனில் அப்பா மிளகு வாங்கும் கடை வைத்திருந்தார். நாவுலயிலிருந்தும் லக்கலயிலிருந்தும் ஆட்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். அப்பா சாக்கின் அடிவரைக்கும் கையை விட்டு அள்ளி, ஒரு லீட்டர் குவளையில் மிளகை நிரப்பி, மேசையிலிருந்த சின்ன எலக்ட்ரோனிக் தராசில் வைப்பார். கனமாக இருந்தால் முதல் தரம், இலேசாக இருந்தால் இரண்டாம் தரம். அவருடைய தராசில் ஒரு கிராம் இப்படி அப்படிப் போகாது என்று அலுவிகாரைப் பக்கமெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சுக்காகத்தான் நாலு கடையைத் தாண்டி எங்கள் கடைக்கு வந்தார்கள். ஆனால் கடையோடு விட்டாரா? வீட்டுக்கு வாங்கி வரும் வாழைப்பழத்தைக்கூட முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்து வைப்பார். அம்மா பின்னாலேயே போய் இரண்டையும் கலந்து வைப்பாள்.

அந்த ஏப்ரல் லீவுக்குப் பெரியப்பா மகன் கண்டியிலிருந்து வந்தான். என்னைவிட மூன்று வயது மூத்தவன், அண்ணன். கட்டாரிலிருந்த பெரியப்பா அனுப்பிய உள்ளங்கை அளவு கார் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்தான். என்னிடம் டவுனில் வாங்கிய சிவப்புக் கார் இருந்தது. ஏழு வயதுத் தம்பியிடம் ஒரு ஜீப். கடைக்குப் பின்னால் மிளகு காயப்போடும் சீமெந்துத் தளம் அப்போது காலியாகக் கிடந்ததால், வெறுஞ்சாக்குகளைச் சுருட்டி வைத்து ஓடுபாதை போட்டோம்.

முதல் நாளே அண்ணன் எங்களை மண் கவ்வ வைத்தான். அவன் ரிமோட்டைக் கொஞ்சம் திருப்பினால் கார் கொஞ்சம் திரும்பும், நிறையத் திருப்பினால் நிறையத் திரும்பும். என் காருக்கு அந்த நாகரிகமெல்லாம் தெரியாது. நேராகப் போகும், இல்லாவிட்டால் ஒரேயடியாக வளைந்து சாக்கில் முட்டிக்கொள்ளும். ஆறு ஓட்டம், ஆறிலும் அவன்தான். நான் அழாத குறையாகக் கடைக்குள் ஓடி, "அப்பா, இது அநியாயம்" என்றேன்.

அநியாயம் என்ற சொல் காதில் விழுந்தால் அப்பா சாப்பாட்டையும் விட்டு எழுந்துவிடுவார். அது தெரிந்தும் வாயை விட்டேன் பாருங்கள், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். அடிமட்டத்தோடு வந்து மூன்று கார்களையும் குனிந்து அளந்தார். அண்ணன் கார் சின்ன வகுப்பு, என் கார் நடு வகுப்பு, ஜீப் பெரிய வகுப்பு, அதற்கும் மேல் அந்தக் காரில்லாத வகுப்பு. ஆளுக்கொரு வகுப்பில் தனியாக ஓடினோம். மூன்று பேருக்கும் முதலிடம். தம்பிக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"ஏங்க, ஒரு சுண்டு அரிசி வேக வைக்க நாலு அடுப்பா?" என்றாள் அம்மா. "அதுக்கு மூணு பேரையும் கூப்ட்டு ஆளுக்கொரு மாலையப் போட்டுருங்களேன்."

அப்பா யோசித்தார். அவர் யோசித்தால் இன்னொரு சட்டம் வரும். மறுநாள் அளவையெல்லாம் கைவிட்டு, பாரத்தால் பிரிக்கப்போவதாக அறிவித்தார். இருநூறு கிராமுக்கு மேல் எந்தக் காரும் போகக்கூடாது. இலேசான கார்தானே வேகமாக ஓடும், கூடக்கூடாது என்று எதற்குச் சட்டம், குறையக்கூடாது என்றல்லவா போடவேண்டும் என்று நான் தொண்டை வறளச் சொன்னேன். கேட்டால்தானே.

"இங்க பாரு புள்ள. மெளகுல மண்ணப் போடுவான், தண்ணியத் தெளிப்பான், பப்பாசி விதையக் கலப்பான். எல்லாம் பாரத்தக் கூட்டத்தான். பாரத்தக் கொறைச்சு ஏமாத்துனவன நான் இன்னும் பாக்கல."

அன்று மத்தியானமே பார்த்தார். அண்ணன் காரின் மேல்மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் எலும்புக்கூட்டோடு வந்தான். தம்பி அவனையும் மிஞ்சி ஜீப்பின் கூரை, கதவு, உள்ளே உட்கார்ந்திருந்த டிரைவர் பொம்மை எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டிருந்தான். அப்பா திகைத்துப்போய்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது, ஆனாலும் நான் சொன்னேனா இல்லையா?

கடைசியில் மனிதருக்குப் புத்தி வந்தது. இரண்டே வகுப்பு. அண்ணனின் கட்டார் கார் ஒரு வகுப்பு. டவுனில் வாங்கி, எதையும் கழற்றாமல் மாற்றாமல் ஓடும் கார்களுக்கு இன்னொரு வகுப்பு. அந்த வகுப்பில் பாரம் இருநூறு கிராமுக்குக் குறையக்கூடாது. ஓடுவதற்கு முன் ஒருமுறை நிறுப்பார், ஓடி முடித்ததும் ஒருமுறை நிறுப்பார். அந்த வகுப்பில் ஜெயிக்கிறவரின் பெயர், கடை வாசலில் மிளகு விலை எழுதும் கரும்பலகையில் ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், இருக்கும்.

அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தப் பலகையைப் பார்க்காமல் மாத்தளை டவுனில் ஒரு விவசாயியும் பஸ் ஏறமாட்டான். என் வகுப்பு டீச்சரே தினமும் அந்த வழியாகத்தான் போவார். அண்ணனுக்கும் ஆசை வந்துவிட்டது. தன் வகுப்பில் தனியாக ஓடி என்ன பயன் என்று, நேரே டவுனுக்குப் போய் என்னுடையதைப் போலவே ஒரு சிவப்புக் காரை வாங்கிவந்தான். எரிச்சலில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போதாததற்கு, "பொம்பளப் புள்ள பேர எழுதினா மெளகு வெல எறங்கிரும்" என்றான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அந்தப் பலகையில் என் பெயர் வரவேண்டும்.

ஒரே மாதிரிக் கார், ஒரே மாதிரிப் பெட்டரி. இரண்டும் நூற்றுத் தொண்ணூறு கிராம். ஆளுக்குப் பத்துக் கிராம் மிளகை நிறுத்து, குட்டிப் பொலித்தீன் பையில் போட்டு, காரின் அடியில் ஒட்டி, ஒட்டின டேப்பின் மேல் அப்பா கையெழுத்தும் வைத்தார். இதைவிட நியாயமான போட்டி எங்கேயும் நடந்திருக்க முடியாது, அதை நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு சிக்கல். அவன் ரிமோட்டை அமுக்கினால் என் காரும் சேர்ந்து ஓடியது. ஆகவே ஒவ்வொருவராக மூன்று சுற்று ஓடவேண்டும், அம்மா போனில் நேரம் பார்ப்பாள் என்று முடிவானது. அடுப்பில் குழம்பு கிடக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா வந்தாள்.

பிடுங்கியதையெல்லாம் திரும்பப் பூட்டிய தம்பியின் ஜீப் முதல் வளைவிலேயே குப்புற விழுந்தது. அடுத்தது அண்ணன். நாற்பத்தொரு செக்கன். அப்பா நிறுத்துப் பார்த்தார். சரியாக இருநூறு.

என் முறை வந்த நேரம் பார்த்து லக்கல பஸ்ஸில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். புத்தாண்டுச் செலவுக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்த மிளகு, இரண்டு சாக்கு. அப்பா காரை விட்டுவிட்டுக் குவளையைத் தூக்கினார். குவளை குவளையாக நிறுத்தார். நாங்கள் வெயிலில் நின்றோம்.

"எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது? உள்ள வாங்க!" என்று அம்மா கத்தினாள். நான் அசையவில்லை.

இரண்டு சாக்கும் இரண்டாம் தரம் என்றார் அப்பா. வந்தவர்களில் மூத்தவர், போனமுறை இதே கொடியில் பறித்தது முதல் தரமாக இருந்ததே முதலாளி என்று சிங்களத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டார். தராசு காட்டுவதைத்தானே நான் சொல்ல முடியும் என்று அப்பாவும் சிங்களத்தில் சொன்னார். அந்த மனிதர் தலையாட்டிவிட்டு, பிள்ளைகளின் கார் ஓட்டத்தைப் பார்க்கப் பின்பக்கம் வந்தார். இளையவரும் வந்தார்.

நான் ஓட்டினேன். ஒரு சாக்கிலும் முட்டவில்லை. வளைவுக்கு முன்னமே கையை எடுத்துவிட்டு, கார் தானாக வழுக்கிப் போகும்போது திருப்பவேண்டும் என்பதை மூன்று நாளாகப் பழகியிருந்தேன். அம்மா போனைப் பார்த்துவிட்டு, அடுப்புக் குழம்பையும் மறந்து, "முப்பத்தெட்டு!" என்று கூவினாள். லக்கலக்காரர்கள் கை தட்டினார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அண்ணன் முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிட்டது.

அப்பா என் காரைத் தராசில் வைத்தார். நூற்று எண்பத்தெட்டு.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். நூற்று எண்பத்தெட்டுத்தான்.

"மெளக எடுத்துட்டா! பைக்குள்ள பஞ்ச வச்சிருப்பா!" என்று அண்ணன் குதித்தான். டேப்பின் மேல் அப்பாவின் கையெழுத்து அப்படியே இருந்தது. நான் எதையும் எடுக்கவில்லை, எடுக்கவில்லை என்று அழுதேன். மேசை லாச்சிக்குள் நூறு கிராம் பித்தளைப் படிக்கல் ஒன்று எப்போதும் கிடக்கும். "படிக்கல்ல வச்சுப் பாருங்கப்பா, அப்பத் தெரியும்!" என்றேன். தம்பி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "மெளகே இல்லாட்டியும் நூத்தித் தொண்ணூறு தானே அக்கா?" என்று இரண்டு முறை கேட்டான். அழுகிற மும்முரத்தில் அவன் கையைத் தட்டிவிட்டேன். மடச்சி!

அப்பா தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லக்கலக்காரர்களைப் பார்த்தார். லாச்சியை அவர் திறக்கவேயில்லை.

"தராசு பொய் சொல்லாது புள்ள," என்றார். "கொறையுது. சட்டம்னா சட்டந்தான்."

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். போனைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்புறம் அப்பா அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு, புத்தாண்டு வருகிறது, போகட்டும், முதல் தர விலையே போட்டுத் தருகிறேன் என்றார். அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சொந்த மகளுக்கே பன்னிரண்டு கிராம் விட்டுக்கொடுக்காத முதலாளி என்று மூத்தவர் என்னைக் காட்டிச் சொல்லிச் சிரித்தார். ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொல்லுவாராம். சொல்லியும் இருப்பார். அதற்குப் பிறகு லக்கல பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் எங்கள் கடைக்குத்தான் வந்தார்கள்.

பலகையில் அண்ணன் பெயர் ஒரு கிழமை இருந்தது. அப்பாவின் எழுத்து குண்டு குண்டாக, ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் தெரிந்தது. டீச்சர் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டுப் பிள்ளையா, கெட்டிக்காரன் என்று வேறு சொன்னார்.

இப்போது எனக்கு அந்தக் கணக்குப் புரியாமலில்லை. அந்த இரண்டு பேரின் கண் முன்னால் படிக்கல்லைத் தராசில் வைத்து, அது தொண்ணூற்று நாலோ ஐந்தோ என்று காட்டியிருந்தால், சாயந்தர பஸ்ஸிலேயே செய்தி லக்கலக்குப் போயிருக்கும். காலையில் நிறுத்தது, நேற்று நிறுத்தது, போன வருஷம் நிறுத்தது எல்லாம் சந்தேகம் என்றாகியிருக்கும். தராசா மகளா என்று வந்தபோது மனிதர் தராசை எடுத்துக்கொண்டார். அவர்களுக்கு அங்கேயே ஈடு செய்தார், அதையும் மறுக்கவில்லை. எனக்கு? பதினைந்து வருஷமாகக் காத்திருக்கிறேன். கேட்டால், "எந்தக் காரு?" என்கிறார். அந்த வருஷத்து மிளகு விலை மட்டும் கிழமை வாரியாக ஞாபகமிருக்கிறது!

ஆனால் என் கோபம் அவர்மேல் பாதிதான். மீதிப் பாதி அந்தப் பத்து வயது மடச்சிமேல்.

அன்று சாயந்தரம் கடைக் கதவு பாதி சாத்தியிருந்தது. எட்டிப் பார்த்தேன். அப்பா தராசைக் கவிழ்த்துப் போட்டு, அடியிலிருந்த மூடியைத் திறந்து, பழைய பெட்டரி இரண்டையும் எடுத்துவிட்டுப் புதிதாக இரண்டு போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பகீரென்றது. மூன்று நாளாக நானும் தம்பியும் அந்தத் தராசில் கார்களை மட்டுமா நிறுத்தோம்? சப்பாத்து, கரண்டி, பூனைக்குட்டி எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்திருந்தோம். பெட்டரியைத் தீர்த்துவிட்டோம் என்று மட்டும் எனக்கு விளங்கியது. அதற்கு மேல் ஓர் அடி யோசித்திருந்தால் என் முப்பத்தெட்டுச் செக்கன் என் கைக்கு வந்திருக்கும். யோசிக்கவில்லை.

உள்ளே போய், "அப்பா, நாங்கதான் வெளையாடி வெளையாடி பெட்டரிய முடிச்சிட்டோம். மன்னிச்சிருங்கப்பா, இனிமே தொடமாட்டேன்" என்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். பிறகு பழைய பெட்டரிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் தலையைத் தடவி, "சரி, போ புள்ள" என்றார். அவர் ஏசவில்லை, அடிக்கவில்லை. இவ்வளவு பெரிய தப்பை மன்னித்துவிட்டாரே என்ற சந்தோஷத்தில், அன்றைக்கு நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.