பத்மா மேடமும் எல்லாருக்கும் பொருந்திய தாளும்

பத்மாவதி மேடம் போய்விட்டார் என்ற செய்தி எங்கள் உளவியல் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. நான் நம்பவில்லை. யாரோ அனுப்பியதை யாரோ தள்ளிவிட்ட செய்தி, அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். ஒருவராவது வீட்டுக்குப் பேசிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. அவரோடு இத்தனை வருடம் பழகிய நாம் இப்படிச் செய்யலாமா? நானே அவர் தம்பிக்குப் போன் செய்தேன். "ஆமாங்க சார், உண்மைதான். தூக்கத்துலயே போயிடுச்சு அக்கா" என்றார். அதற்குப் பிறகுதான் நம்பினேன்.

உங்களில் சிலருக்கு அவரைக் குழுவில் மட்டும்தான் தெரியும். எனக்கு அவர் அறிமுகமான கதையைச் சொல்கிறேன். அவர் இங்கே திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் கல்லூரியில் உளவியல் நடத்தியவர். நான் ஒரு தனியார் பள்ளியில் விலங்கியல் ஆசிரியன். பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு உளவியல் தொடங்கியபோது தாளாளர் என்னைக் கூப்பிட்டு, "மூளை, நரம்பு எல்லாம் நீங்கதானே நடத்துறீங்க? அப்ப சைக்காலஜியும் எடுத்துடுங்க" என்றார். கையில் கிடைத்தது பாடப்புத்தகம் மட்டும்தான். செய்முறைப் பாடத்துக்கு ஒரு சாமான்கூடப் பள்ளியில் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மேடம் போன் செய்தார். சுற்றுவட்டாரத்தில் உளவியல் நடத்தும் ஆசிரியர்களைச் சனிக்கிழமை மதியம் கல்லூரி ஆய்வகத்தில் கூட்டுகிறாராம். கட்டணம் எதுவும் கிடையாதாம். எனக்கு உடனே சந்தேகம். மனசைப் பற்றிப் பேச நம்மைச் சும்மா கூப்பிடுகிறவர்களை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். செங்கம் ரோட்டில் ஒரு காபி குடிக்கப் போனால் சுவர் முழுக்க நோட்டீஸ்: கோபம் போக, பயம் போக, முற்பிறவி தெரிய. இந்த அம்மா எதை விற்கப் போகிறார்? கைடா, டியூஷனா, தியான வகுப்பா? பார்த்துவிடுவோம் என்றுதான் போனேன்.

அவர் எதையும் விற்கவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளில் கண்ணை ஏமாற்றும் கோடுகளை வரைந்து வைத்திருந்தார். தாம்பாளத்தில் கத்தரிக்காய், சீப்பு, கற்பூரப் பொட்டலம், சாவி என்று பரப்பி, துண்டால் மூடி, ஞாபகத்தைச் சோதிக்கும் முறையைக் காட்டினார். தீபத்துக்கு மறுநாள், முந்தைய நாள் எங்கே நின்று என்ன பார்த்தீர்கள் என்று மாணவிகளிடம் எழுதி வாங்கிக்கொள்வார். பங்குனியில் மறுபடியும் எழுதச் சொல்வார். இரண்டும் ஒத்துப்போகாது. தீபத்தன்று வீட்டைவிட்டே வராத ஒரு பெண், பங்குனியில் எழுதும்போது கூட்டத்தில் செருப்பைத் தொலைத்திருந்தாள். எல்லாவற்றிலும் எங்களுக்கும் ஒரு பிரதி உண்டு.

சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டேன். "மேடம், இதுல உங்களுக்கு என்ன லாபம்?" அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க ஸ்கூல் பொண்ணுங்க அப்புறம் என்கிட்டதான் வருவாங்க சார். நீங்க தப்பா நடத்தி அனுப்பினா, அதை மறக்க வெக்கறதுக்கே எனக்கு நேரம் ஜாஸ்தி ஆயிடுது" என்றார். ஏதோ சமாளிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரை அசைக்க முடியாது. சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தபின் ஒரு கவளம்கூட உண்ணமாட்டார். ஜன்னலில் வெயில் இறங்கினால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிடுவார். வெளியூரிலிருந்து வந்த பெரிய பேராசிரியர் மேடையில் முழங்கிக்கொண்டிருந்தபோது முன்வரிசையிலிருந்து எழுந்து போனார். "அவரு இருட்டினப்புறமும் பேசுவாரு. நான் அப்ப சாப்பிட முடியாதே" என்றார் எங்களிடம்.

பிறகு எங்கள் பள்ளிக்கு ஒருவர் வந்தார். உளவியல் வகுப்புக்கு ஒரு பெட்டி நிறையப் பாடச் சாமான்கள் தருகிறேன், எல்லாம் இலவசம் என்றார். பிரித்துச் சேர்க்கக்கூடிய மூளை மாதிரிகூட அதில் இருந்தது. பதிலுக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவருடைய கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு குணநல அறிக்கை வரும். அதைப் பார்த்து அடுத்த வருடப் பிரிவை ஒதுக்கிவிடலாம். தாளாளருக்கு ஒரே சந்தோஷம்.

அறிக்கைகள் வந்த கொஞ்ச நாளில், அடி அண்ணாமலையில் இளநீர்க் கடை வைத்திருப்பவர் தன் மகள் காயத்ரியைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். அவள் கணக்குப் பிரிவு கேட்டிருந்தாள். "மிஷினே சொல்லிட்டுது சார். வெளிய தைரியமா தெரியுமாம், உள்ளுக்குள்ள பயமாம். ஆரம்பிச்சதை முடிக்காதாம். எங்க காயத்ரி அப்படியேதான் சார். கணக்கு வேணாம், கஷ்டம் கம்மியா இருக்கிற குரூப்ல போட்டுடுங்க" என்றார். அந்தப் பெண் தலையைத் தூக்கவே இல்லை. நான் மேடத்துக்குப் போன் செய்தேன். "தாளோட அவளை என்கிட்ட அனுப்புங்க" என்பதோடு வைத்துவிட்டார்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு மேடத்தை அழைத்திருந்தேன். அவர் ஒரு தாளைப் பிரித்தார். "பேரு சொல்லமாட்டேன். உங்க பிள்ளைன்னு தெரிஞ்சா கை தூக்குங்க" என்றுவிட்டு வாசித்தார். 'வெளியில் தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் பயம் உண்டு. சில சமயம் கலகலப்பு, சில சமயம் தனிமை. திறமை இருந்தும் முழுதாகப் பயன்படுத்துவதில்லை. ஆரம்பித்ததை முடிப்பதில் சிரமம்.'

முதல் கை காயத்ரியின் அப்பாவுடையது. "நம்ம பொண்ணுதாங்க" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொரு கை எழுந்தது. பக்கத்தில் ஒன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி அரங்கம் கையைத் தூக்கிவிட்டது. தாளாளரின் மனைவியும் தூக்கியிருந்தார். காயத்ரியின் அப்பா திரும்பிப் பார்த்துவிட்டுக் கையை மெல்ல இறக்கினார்.

"அப்ப எம் பொண்ணு எப்படின்னு இது சொல்லலையாங்க?"

"இல்லைங்க."

"அப்ப எனக்குத்தான் தெரியும்."

"உங்களுக்கும் தெரியுமான்னு எனக்குச் சந்தேகம்தான். அவளைக் கேளுங்க."

அறிக்கைகளை யாரும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. பெட்டியும் மூளையோடு திரும்பிப் போயிற்று. தாளாளர் ரொம்ப நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. காயத்ரிக்குக் கணக்குப் பிரிவு கிடைத்தது. எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. அவரை ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போகும் வழியில் கேட்டேன். "மேடம், அது நிஜமாவே அவங்க குடுத்த தாளா, நீங்களே எழுதிக்கிட்டு வந்ததா?" ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, தாளை எடுத்துக் காட்டினார். காயத்ரியின் அறிக்கைதான். பெயர் இருந்த இடத்தை மட்டும் மடித்திருந்தார். "அவளைக் கேட்டுட்டுதான் படிச்சேன். இதைக் கேக்கணும்னு உங்களுக்குத் தோணுச்சு பாருங்க, நீங்க தேறிட்டீங்க சார்" என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

போன வாரம் கல்லூரியில் இரங்கல் கூட்டம். உங்களில் பலரும் வந்திருந்தீர்கள். அன்பானவர், எளிமையானவர், வெளியில் கண்டிப்பு, உள்ளுக்குள் குழந்தை மனசு, உதவி என்று போனால் இல்லையென்று சொல்லாதவர் என்று ஒவ்வொருவராகப் பேசினோம். கேட்கக் கேட்க எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்? இதை வாசித்து, உங்கள் வீட்டில் இறந்துபோனவரா என்று கேட்டால் ஊரே கை தூக்கும். என் சட்டைப்பையில் நான் பேச எழுதிய தாள் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். அதிலும் குழந்தை மனசு இருந்தது. செல்லாது என்று இவரே காட்டிய வார்த்தைகளைச் சொல்லி இவரை அனுப்புகிறோமே என்று எனக்கு மனசு ஆறவில்லை. நான் பேசவில்லை.

கடைசியில் காயத்ரி எழுந்தாள். அதே கல்லூரியில்தான் கணக்கு படிக்கிறாள். "சார் என்னை அனுப்பினப்ப, எனக்குக் கணக்கு பிடிக்கும்னு மேடம்கிட்ட சொன்னேன். எப்படித் தெரியும்னு கேட்டு ஒரு கணக்கு குடுத்தாங்க. வரலை. மறுபடியும் போட்டேன், வரலை. போதும்னு அவங்களும் சொல்லலை, நானும் எழுந்திருக்கலை. கடைசியா விடை வந்து நிமிர்ந்து பார்த்தா, ரூம்ல லைட் போட்டிருந்துது. ஆரம்பிச்சதை முடிக்கமாட்டேன்னு யாரு சொன்னதுன்னு கேட்டாங்க. அன்னிக்கு மேடம் சாப்பிடலை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் கலைந்ததும் நான் அவளை வாசலில் பிடித்தேன். "சாப்பிடலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"டப்பா மேசை மேலதான் சார் இருந்துது. பொழுது போயிடுச்சுன்னு திறக்காமலே பையில வெச்சாங்க. நான் பார்த்தேன்."

என் தாளை அங்கேயே கிழித்துப் போட்டேன். அவரைத் தெரிந்தவர்களே, இந்தக் கட்டுரையையும் நம்பிவிடாதீர்கள். வேறு யாருக்காவது பொருந்துகிற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். அந்தத் திறக்காத டப்பாவை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.