கரையில் பாடிய அம்பா

ஷார்ஜாவில் நாங்கள் நான்கு பேர் ஒரு பேண்டு வைத்திருந்தோம். கிடார், டிரம்ஸ், தொண்டை கிழியும் கத்தல். மற்ற மூவரும் இளைஞர்கள். ஐம்பதை நெருங்கிய எஞ்சினியர் நான் ஒருவன்தான். எங்களைப் பைத்தியமாக்கியது அம்பா, குமரிக் கடற்கரை மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடுவது. ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று பதில் சொல்லி இழுப்பார்கள். எங்கள் வேகத்துக்கு அது அப்படியே பொருந்தியது.

ராஸ் அல் கைமாவில் ஓர் அரபியின் படகில் வேலை செய்த குமரிக்காரர்கள் ஒருநாள் எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். அடியெடுப்பவர், இழுப்பவர்களில் யாரையாவது கிண்டல் செய்து அங்கேயே வரி கட்டுவார். அன்று மாட்டியவர் அவருடைய மச்சான். வீட்டுக்கு போன் பேசும்போதெல்லாம் அழுகிறவர்.

“போன் கூண்டுக்குள்ள மழை பெய்யுது, ஏலேலோ
குடை கொண்டு ஓடுங்கடே, ஏலேலோ”

மச்சானும் சிரித்துக்கொண்டேதான் இழுத்தார். நான் டேப்பில் பதிவு செய்தேன்.

கரையேறியதும் அடியெடுத்தவர் சொன்னார்: “சார், மத்ததெல்லாம் பாடுங்க. மழையை மட்டும் விட்டுருங்க. வள்ளத்துல சொல்லுகது வள்ளத்தோட போயிரணும்.”

மரபில் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்று அவருக்கே பாடம் எடுத்தேன்.

தமிழர் விழாவில் அந்த வரியையே பல்லவியாக்கிப் பாடினோம். அடியெடுத்தவரையும் மச்சானையும் நான்தான் அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தேன். “மழைக்குச் சொந்தக்காரர் இதோ இருக்கிறார்” என்று மைக்கில் மச்சானைக் கைகாட்டினேன். குடும்பம் குடும்பமாக வந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

விழா முடிந்ததும் மச்சான் வாசலில் என்னிடம் வந்தார். “நல்லா பாடினிய சார். எனக்க வீட்டுக்காரிக்கும் ஒரு கேசட்டு அனுப்புங்க.”

சில வாரம் கழித்துத் துறைமுகத்துக்குப் போனேன். மச்சான் தூரத்தில் வலை மடித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அடியெடுப்பவர்தான் பேசினார்.

“இழுக்கான் சார். வாய் மட்டும் தொறக்கமாட்டான். அவன் பதில் சொல்லாம எனக்கும் அடி வரல. இப்ப சும்மாதான் இழுக்கோம்.”

“நான் போய் மன்னிப்புக் கேட்கட்டுமா?”

“வேண்டாம் சார். அதையும் பாட்டாக்கிருவிய.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தேநீர் வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார்.

மன்னிப்பு நான் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு மேடைகளில் அந்தப் பாட்டைப் பாடினோம். கைதட்டல் நன்றாக வந்தது.