பௌர்ணமியன்று அளந்த பால்

சென்னையில் ஏறும்போதே பேருந்தில் நிற்க இடமில்லை. நாள் பார்க்காமல் கிளம்பிவிட்டேன் என்பது செஞ்சி தாண்டிய பிறகுதான் உறைத்தது. அன்று பௌர்ணமி. நான் சாமி கும்பிடப் போகவில்லை. அடி அண்ணாமலையில் எங்கள் பால் கம்பெனியின் கொள்முதல் நிலையத்துக்கு லிட்டருக்கு என்ன செலவாகிறது என்று பார்க்கப் போகிறேன். அதிகமென்றால் மூடிவிடுவார்கள். ஆறு மணிக்குள் கணக்கு வேண்டுமென்று மேலாளர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.

மதியம் மூன்று மணி. பேருந்தை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய்.

“அடி அண்ணாமலை வரைக்கும் உட மாட்டாங்க சார். முன்னாடியே எறங்கி நடந்துக்கங்க” என்றார் ஓட்டுநர்.

கிரிவலப் பாதையில் மூன்று கிலோமீட்டர் கூட்டத்தோடு நடந்தேன். எல்லோரும் மலையைப் பார்த்து நடந்தார்கள், நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து. பதற்றம் தணிய வழியில் இரண்டு டீ குடித்தேன், ஒன்று பதினைந்து ரூபாய்.

ஐந்து மணி. நிலையத்தை நடத்தும் செல்வி கேன்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். நாலே பேர் வந்து பால் ஊற்றினார்கள். கணக்குப் போட்டேன்; பால் குறைந்ததால் லிட்டருக்கான செலவு எகிறியிருந்தது. மூடுவதற்கு அதுவே போதும். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

“பௌர்ணமின்னா பாலெல்லாம் ரோட்டோர டீக்கடைக்குப் போயிடும் சார். அவங்க ஜாஸ்தி குடுப்பாங்க. இத்த வச்சி மூடிட்டீங்கன்னா மீதி நாளு நாங்க எங்க போய் ஊத்தறது?”

நான் குடித்ததும் இங்கே வரவேண்டிய பால்தான். எதையும் அனுப்பாமல் மூன்று மடங்கு வாடகைக்கு ஒரு லாட்ஜில் தங்கினேன்.

மறுநாள் காலை ஆறரை. விடிய விடிய நடந்த டீக்கடைகள் மூடிக்கிடந்தன. வழக்கமாக அவற்றுக்குப் போகும் பாலும் நிலையத்துக்கே வந்ததால் கேன்கள் போதவில்லை. லிட்டருக்கான செலவு பாதிக்கும் கீழே இறங்கியது.

“இதப் போட்டுக்குங்க சார்” என்றார் செல்வி. இதுவும் சாதாரண நாள் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஊர் திரும்பும் பேருந்தில் ஏறியதும் இரண்டு கணக்கையும் அனுப்பினேன். “ஒன்று போதும். எது?” என்று மேலாளர் கேட்டார். சாதாரண நாள் ஒன்றைப் பார்க்க இன்னொரு முறை போய் வரட்டுமா என்றேன். “ஒரே நிலையத்துக்கு ஏற்கெனவே இரண்டு நாள். உங்கள் செலவையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்” என்று பதில் வந்தது.

காலைக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் அனுப்பினேன். ஜன்னலில் மலை சிறுத்துக்கொண்டே போனது. செல்விக்கு ஒரு மறுநாள் கிடைத்தது. என் செலவைக் கணக்குப் பார்க்கும்போது எனக்கும் ஒன்று தருவார்களா என்ற பயம் சென்னை வரை இறங்கவில்லை.