வெட்டிய பெயர்

பண்டாரவளையில் வாங்கிய பழைய சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியையும், பதிந்த ஒலியைத் துண்டுகளாக்கி வாசிக்கும் ஒரு சாம்ப்ளரையும் வைத்து என் முதல் இசைத்தொகுப்பைச் செய்தேன். கேட்டவர்கள் எல்லோரும் அதில் வரும் பெண்குரலைத்தான் புகழ்ந்தார்கள். அது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டு ராணி அக்காவின் குரல். அவர் கணவர் இறந்த அன்று அழுததை, அவரிடம் கேட்காமலே போனில் பதிந்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நீ போட்ட பாட்ட மக போன்ல கேட்டேன். அது நாந்தானே?"

"ஆமாங்கக்கா. கேக்காம எடுத்தது தப்புதான். அழிச்சிர்றேன்."

"அழிக்க வேணாம். அவரு இருந்தவரைக்கும் நான் பேரச் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. அன்னிக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன். அத மட்டும் ஏன் வெட்டிட்ட?"

தாளத்துக்குள் அடங்கவில்லை என்றுதான் வெட்டியிருந்தேன்.

அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, 'முருகேசு' என்ற அந்தப் பெயரைத் திரும்பச் சேர்த்தேன். அந்த இடத்தில் தாளம் இடறியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா போடு" என்றார்.

அந்தக் குரலை அதற்கு முன் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அதில் ஒரு மனிதர் இறந்துபோயிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.