கரி பஸ்ஸும் கறுப்புக் கோட்டும்

காலை மணி ஆறு ஐந்து. பூந்தமல்லியில் பஸ் நிற்கும் இடத்தில் நான் முதலில் பார்த்தது பஸ் முதலாளி போட்டிருந்த கோட்டைத்தான். கறுப்புக் கோட்டு, பெட்டியில் இருந்த மடிப்பு இன்னும் கலையவில்லை. அதற்கு முன் அவரைக் கோட்டில் நான் கண்டதில்லை.

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் பின்புறம் பீப்பாய் போல ஓர் அடுப்பைப் பொருத்தி, கரியை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். மேடு வந்தால் எஞ்சின் பெருமூச்சு விட்டு நின்றுவிடும். பட்டணத்தில் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்த நான் தினமும் போனது இந்தக் கரி பஸ்ஸில்தான்.

முதலாளி உள்ளூர் முஸ்லிம் வியாபாரி. பயணிகளுக்கு அவர் பாய். அவருடைய பஸ்கள் இரண்டு ஓடின. தான் ஏறிய பஸ் நின்றால், யாரிடமும் எதுவும் சொல்லாமல் இறங்கி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய்த் தோள் கொடுப்பார். அவர் தள்ளும்போது கண்டக்டர் நிற்க முடியாது. கண்டக்டர் தள்ளும்போது முன் சீட்டு வக்கீல் குமாஸ்தா உட்கார்ந்திருக்க முடியாது. நான் வந்து சேர்ந்த சமயத்தில், முதலாளி இல்லாத நாளிலும் ஆண்கள் எல்லோரும் இறங்கினார்கள். எங்கள் பைகளைப் பெண்கள் மடியில் வைத்துக்கொள்வார்கள்.

ஆவடியில் ராணுவ முகாம் வேலை நடந்துகொண்டிருந்தது. பூந்தமல்லியிலிருந்து அங்கே பஸ் விட எங்கள் முதலாளியும் இன்னொரு கம்பெனியும் மனுப் போட்டிருந்தார்கள். முதலாளி மூன்றாவது பஸ்ஸையே வாங்கிவிட்டார். அனுமதி இல்லாமல் அது கொட்டகையில் நின்றது. பின் சீட்டில் கோழிகள் முட்டையிட்டன. அனுமதி வந்தால் கண்டக்டர் அதற்கு டிரைவர். வராவிட்டால் அந்தப் பஸ்ஸை விற்றுவிட வேண்டியதுதான்.

இரண்டு கம்பெனிகளின் பஸ்ஸிலும் ஒவ்வொரு நாள் போய்ப் பார்த்துவிட்டு அதிகாரி முடிவு செய்வார் என்றார்கள். எங்கள் முறைக்கு முந்திய நாள் மாலை கண்டக்டர் எங்களிடம் கெஞ்சினான்.

"நாளிக்கி ஆபீசர் வராரு. வண்டி நின்னா அல்லாரும் கம்முனு குந்திகினு இருங்க. தள்ற வண்டின்னு தெரியக்கூடாது."

"அப்ப நீ ஒண்டியா தள்ளுவியா மாமே?" என்றார் ஒரு கொல்லர்.

"எறங்கி அடுப்பைத் தட்டுவேன்."

"தட்டினா போவறதுக்கு அது இன்னா மாடா?"

சிரித்தாலும், உட்கார்ந்தே இருப்பதாக எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

மறுநாள் காலை வந்த அதிகாரி ஒல்லியான மனிதர். மடியில் குடையை வைத்துக்கொண்டு முன் சீட்டில் அமர்ந்தார். ஐயப்பன்தாங்கல் தாண்டி ஏரிக்கரை மேட்டில் பஸ் நின்றது. கண்டக்டர் எங்களைத் திரும்பிப் பார்த்தபோது பயணிகள் சீட்டில் ஆண் என்று அதிகாரி மட்டுமே இருந்தார். அவனுடைய வேண்டுகோள் எனக்கு நினைவு வந்தபோது என் இரண்டு கைகளும் பஸ்ஸின் முதுகில் இருந்தன. பக்கத்தில் கோட்டோடு முதலாளி.

முந்திய மாலை பஸ்ஸில் வராததால் கண்டக்டர் கெஞ்சியது தெரியாத பூக்காரி ஒருத்தி உள்ளே இருந்தாள். அவள் குரல் வெளியே கேட்டது. "இன்னா நைனா, உனுக்குத் தனியா சொல்லணுமா? பாயே கோட்டோட எறங்கிட்டாரு. கொடைய இப்டி குடு, எறங்கு."

கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டான். அதிகாரி குடையைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தார்.

"தினமும் இப்படித்தானா?"

"இன்னிக்கித்தான் சார்..." என்று ஆரம்பித்தான் கண்டக்டர்.

"வாரத்துல ரெண்டு மூணு நாள் நிக்கும் சார். இந்த மேட்டுலதான்" என்றார் முதலாளி.

அதிகாரி மேட்டைப் பார்த்தார். "நேத்து அந்தக் கம்பெனி வண்டியும் இங்கேதான் நின்னுது. முதலாளி டிரைவரைத் திட்டினார், டிரைவர் கண்டக்டரைத் திட்டினார். ஒருத்தரும் இறங்கலை. வெயில் ஏறுற வரைக்கும் உக்காந்திருந்தேன்."

சொல்லிவிட்டு அவரும் கை வைத்தார். பஸ் இருமியது, கிளம்பியது, எங்கள் எல்லோர் மேலும் ஒரே அளவாகப் புகையை விட்டது.

ஏறியதும் பூக்காரி குடையை நீட்டினாள். "மொதல்லியே எறங்கியிருந்தா இந்நேரம் போரூர்ல இருப்போம்."

"சரிம்மா" என்றார் அதிகாரி.

கிண்டி வரை கண்டக்டர் விசில்கூட மெதுவாகத்தான் ஊதினான்.

அடுத்த மாதம், கண்டக்டர் டிரைவராக ஏறி உட்காருமுன், கொட்டகையில் நின்ற பஸ்ஸின் பின் சீட்டிலிருந்து கோழிகளை இறக்கிவிட்டார்கள்.